மண் உறையும்வரை

யாகூட்ஸ்கில் எங்கள் வீடுகள்
தரையைத் தொடாமல் நிற்கின்றன.
அடியில் மார்பளவு இடைவெளி.
அங்கே காற்று குடியிருக்கிறது, வாடகை கொடுக்காமல்.
நான் அதற்குள் குனிந்து போகிறவள்.
நெற்றியில் விளக்கு, தோளில் கம்பிச்சுருள்,
கையுறைக்குள் இன்னொரு கையுறை.
நுர்குயானா என்ற என் பெயர்
மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது.
தூண் பார்க்கிறவள் என்றால் தெரியும்.

பத்து மீட்டர் கான்கிரீட்.
அதன் நுனி பாறையைத் தொடவில்லை.
சுற்றியிருக்கும் மண்
இறுகிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்,
மார்கழிக் குளிரில் இரும்பை நக்கிய பையனின்
நாக்கைப் பிடித்துக்கொள்வதுபோல.
ஐந்து மாடிகள், அறுபது குடும்பங்கள்,
மூன்றாம் மாடியில் சுருதி இறங்கிய பியானோ,
பால்கனிதோறும் விறகுபோல அடுக்கிய மீன்கள்,
எல்லாம்
அந்த ஒட்டுதலில்.

இதை ஒப்பந்தமாக எழுதினால் ஒரே வரி:
மண் உறையும்வரை மனிதர் உறையலாம்.

முப்பத்தொன்றாம் தூண்.
கட்டிய வருடம் மைனஸ் மூன்று.
போன குளிர்காலம் மைனஸ் ஒன்றரை.
இன்று குழாய்க்குள் கம்பியை இறக்கிக்
காத்திருந்தேன், மூச்சு புருவத்தில் வெள்ளையாகும்வரை.
மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டு.
வெளியே மைனஸ் நாற்பத்தாறு.
இவ்வளவு குளிரும் உள்ளே வர
வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

விளக்கைத் திருப்பினேன்.
காற்று வருகிற வாயில் நான்கிலும்
பழைய மெத்தை, நுரைப்பஞ்சு,
பேருந்து இருக்கையின் கிழிந்த தோல்.
வெளியே மண்வெட்டியால் தட்டிச் சீராக்கிய பனி.
நல்ல கை வேலை.

கதவைத் திறந்தவர் கெஸ்கில்,
இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
மறைக்கவில்லை.
"பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டாள்.
முழங்கால் நீலமாகிறது."
அவள் இடுக்கிலிருந்து என்னை எட்டிப் பார்த்தாள்,
கம்பளிக்குள் கம்பளியாக.

நெஞ்சு உருகாதவள் என்று
இந்தத் தெருவில் எனக்குப் பெயர் உண்டு.
என் வேலை அப்படி. உருக்குகிற எதையும்
பிடுங்கி வெளியே எறிய வேண்டும்,
அன்பாக இருந்தாலும்.

"பிடுங்காவிட்டால் எத்தனை நாள் நிற்கும்?"
நாள் தெரியாது, நம்பகம்தான் தெரியும் என்றேன்.
தொண்ணூற்றைந்து விழுக்காடு, சுத்தமாக வைத்திருந்தால்.
"அப்படியென்றால்?"
இதுபோல இருபது வீடு இருந்தால்
ஒன்று.
அவர் ஜன்னல் பனியை நகத்தால் சுரண்டி
எதிர்வரிசையை எண்ணினார், பிறகு இந்த வரிசையை.
"நம் தெருவில் பதினெட்டுதானே."
நிம்மதியாகச் சிரித்தார்.

அந்தக் கணக்கை நான் திருத்தவில்லை.
எண்ணுக்குத் தெரு தெரியாது என்று
எப்படிச் சொல்வது?
இரண்டு பேரும் இறங்கினோம்.
மெத்தை பனியோடு சேர்ந்து கல்லாகியிருந்தது.
கடப்பாரை போட்டோம். அவர் இழுத்தார், நான் இழுத்தேன்.
நான்காவது வாயில் திறந்ததும்
காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு நுழைந்தது,
சாவி தொலைத்து வெகுநேரம் வாசலில் நின்ற
வீட்டுக்காரனைப்போல.
அன்று மாலையே அவர் தம்பியிடமிருந்து
கலைமான் தோல் இரண்டு வந்ததாம், தரையில் விரிக்க.
நாற்றம் தாங்கவில்லை என்று பிறகு சொன்னார்.

மார்ச்சில் மறுபடி இறங்கினேன்.
மைனஸ் ஒன்று புள்ளி ஒன்று.
குறித்துக்கொண்டேன். கொஞ்சம் விசிலடித்தேன்கூட.
திரும்பும்போது வெளிச்சுவர் விரிசல்மேல்
நான் பூசிவைத்த சுண்ணப்பட்டையைப் பார்த்தேன்.
குறுக்கே ஒரு கோடு, மயிரிழை அகலம்.
கதவடைப்புக்கு முன்பா, பின்பா?
ஒரு வாரத்தில் விழுந்ததா, ஒரு வருடத்திலா?
பட்டையில் வீட்டு எண் இருந்தது,
என் கையெழுத்து இருந்தது.
தேதி போட
மறந்திருந்தேன்.